சேமிப்பில் பழம் சீக்கிரம் இளகுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டு சரிசெய்யும் வழிமுறை

சேமித்த பழம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் இளகினால் முதலில் கை போவது குளிரூட்டியின் பொத்தானுக்குத்தான். இன்னும் இரண்டு டிகிரி குறைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். பல நேரம் அதுவே கேட்டைப் பெரிதாக்கிவிடும். இளகலில் நான்கு வகை உண்டு, நான்குக்கும் பரிகாரம் வேறு. எந்த வகை என்று தெரியும்வரை எதையும் மாற்ற வேண்டாம். (இதில் வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.)

முதலில்: இது எந்த இளகல்?

சந்தேகத்துக்குரிய பெட்டியிலிருந்து பத்துப் பழம் எடுங்கள். கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள், பிறகு குறுக்கே வெட்டுங்கள்.

கனிந்து இளகிய பழத்தில் அழுத்திய இடம் குழிந்து அப்படியே நிற்கும். சதை நிறம் மாறியிருக்கும், மணம் வரும், இனிப்பு ஏறியிருக்கும். செங்கற்களுக்கு நடுவே உள்ள சாந்துபோல் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைவதால் வருவது இது.

நீர் வற்றித் தொய்ந்த பழத்தில் அழுத்திய இடம் வளைந்து கொடுத்து மீண்டுவிடும். தோலில் காம்பைச் சுற்றிச் சுருக்கம் தெரியும். வெட்டிப் பார்த்தால் உள்ளே இன்னும் காய்ப்பதமே இருக்கும்.

செல் உடைந்து இளகிய பழத்தில் சதை நீர் கோத்து, ஒளி ஊடுருவுவதாக மாறியிருக்கும். அடிபட்டது, உறைந்தது, அளவுக்கு மீறிக் குளிர்ந்தது எல்லாம் இதில் அடங்கும்.

நான்காவது அழுகல். விளிம்பு தெளிவான வட்டமாக, நிறம் மாறி, வாடையோடு இருந்தால் அது பூசணமோ பாக்டீரியாவோ. கீழே சொல்பவற்றில் பல அதைத் தள்ளிப்போட உதவும். ஆனால் அழுகிய பழத்தை அன்றே வெளியேற்றுவதற்கு மாற்று கிடையாது.

கனிதலில் வேலை செய்வது ஒரு நொதி அல்ல. பெக்டின் மெத்தில்எஸ்டரேஸ், பாலிகேலக்டுரோனேஸ், பெக்டேட் லயேஸ், செல் சுவரைத் தளர்த்தும் எக்ஸ்பான்சின் புரதங்கள் என்று ஒரு கூட்டமே சேர்ந்து இயங்குகிறது. 1994-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, மரபணு மாற்றிய ஃபிளேவர் சேவர் தக்காளியில் பாலிகேலக்டுரோனேஸை மட்டும் அடக்கியிருந்தார்கள். பழம் இளகுவது அதனால் நிற்கவில்லை. ஒரே ஒரு பொடி, ஒரே ஒரு பை என்று தீர்வு தேடுபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். மாவுச்சத்து நிறைந்த வாழைக்காயிலும் மாங்காயிலும் அந்த மாவுச்சத்து சர்க்கரையாவதும் இளகலுக்குப் பெரிய பங்கு தருகிறது.

கையில் இருக்க வேண்டியவை

சதைக்குள் குத்தும் ஊசி வெப்பமானி, ஈரப்பதமானி, ஒரு கிராம் வரை காட்டும் தராசு, கூர்மையான கத்தி, சதையின் கெட்டித்தன்மையை முனையால் அழுத்தி அளக்கும் உறுதிமானி. அறைச் சுவரில் தொங்கும் வெப்பமானி காற்றின் கதையைத்தான் சொல்லும். பழத்தின் கதை சதைக்குள் இருக்கிறது.

உறுதிமானியைப் பலர் தவறாகப் பிடிக்கிறார்கள். பழத்தைக் கையில் தூக்கிப் பிடித்து அழுத்தினால் கை பின்வாங்கும், அளவு குறைந்து வரும். பழத்தை மேசைமேல் வைத்து, கன்னப்பகுதியில் சுமார் 2 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தோலை மட்டும் மெல்லச் சீவுங்கள். ஆப்பிளுக்கு 11 மில்லிமீட்டர் முனை. பேரி, கிவி, மா போன்றவற்றுக்கு 8 மில்லிமீட்டர். முனையில் உள்ள கோடு சதையின் மட்டத்தைத் தொடும்வரை ஒரே வேகத்தில், ஏறத்தாழ இரண்டு நொடியில் இறக்குங்கள். டக்கென்று குத்தினால் அளவு கூடும். எதிர்ப்பக்கத்திலும் ஒருமுறை எடுத்துச் சராசரி குறியுங்கள். குளிர்ந்த பழம் கொஞ்சம் கெட்டியாகவே காட்டும் என்பதால் எப்போதும் ஒரே வெப்பநிலையில் அளக்க வேண்டும். இன்று அறையிலிருந்து எடுத்த கையோடு, நாளை இரண்டு மணி நேரம் வெளியில் வைத்து என்று மாற்றி மாற்றி அளந்தால் அந்த எண்களை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

அறிகுறி 1: வைத்த சில நாளிலேயே எல்லாப் பெட்டியும் ஒரே சீராக இளகுகிறது

பெரும்பாலும் கோளாறு அறையில் இல்லை, அறைக்கு வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் பழத்தின் சுவாசம் இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. பறித்த பழம் வெயிலில் நின்ற ஒரு பிற்பகல், குளிரறையில் அது தாங்கியிருக்கக்கூடிய பல நாளைத் தின்றுவிடும். போன ஆயுளைப் பிறகு எந்தக் குளிரும் திருப்பித் தராது.

இரண்டு கேள்வி கேளுங்கள். பறித்ததிலிருந்து குளிரூட்டத் தொடங்கியதுவரை எத்தனை மணி நேரம்? அறைக்குள் வைத்த பிறகு அடுக்கின் நடுவில் உள்ள பழத்தின் சதை எப்போது இலக்கு வெப்பநிலைக்கு வந்தது? இரண்டாவது கேள்விக்குப் பலரிடம் பதில் இருப்பதில்லை. காற்று 12 டிகிரி காட்டும். நெருக்கி அடுக்கிய பெட்டிகளின் நடுப்பழம் மறுநாளும் 24-இல் நிற்கும்.

குளிர்வதைக் கணக்கிடும் முறை எளிது. சதை 32 டிகிரி, காற்று 12 டிகிரி என்றால் வேறுபாடு 20. அது பாதியாகி, சதை 22-க்கு வர எடுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைப்போல் மூன்று மடங்கு நேரத்தில் எட்டில் ஏழு பங்கு வேறுபாடு தீர்ந்து சதை 14.5-க்கு வந்துவிடும். பாதிக்கு 2 மணி நேரம் என்றால் மொத்தம் 6 மணி நேரம். பாதிக்கே 8 மணி நேரம் ஆகிறது என்றால் ஒரு முழு நாள் பழம் சூட்டில்தான் இருக்கிறது. அங்கே அடுக்கை மாற்றியாக வேண்டும்.

மாற்றும் விதம்: பெட்டிகளை இரண்டு வரிசையாக அடுக்கி நடுவில் ஒரு சந்து விடுங்கள். சந்தின் மேற்புறத்தையும் ஒரு முனையையும் தார்ப்பாயால் மூடுங்கள். மறுமுனையில் மின்விசிறியைக் காற்றை வெளியே இழுக்கும்படி வையுங்கள். அறையின் குளிர்காற்று இப்போது பெட்டிகளைச் சுற்றிப் போகாமல் பெட்டிகளின் ஊடே புகுந்துதான் சந்துக்கு வர முடியும். ஒரு கிலோ பழத்துக்கு நொடிக்கு 1 முதல் 2 லிட்டர் காற்று போதும். பெட்டிச் சுவரில் குறைந்தது 5 விழுக்காடு பரப்பு துளையாக இருக்க வேண்டும், அடுத்தடுத்த பெட்டிகளின் துளைகள் நேருக்கு நேர் வர வேண்டும். துளையை உள்ளே போட்ட காகிதமோ பிளாஸ்டிக் தாளோ அடைத்திருந்தால் மொத்த ஏற்பாடும் வீண். சதை இலக்குக்கு வந்ததும் இந்த விசிறியை நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து ஓடினால் பழம் வற்றும்.

ஸ்ட்ராபெரிக்குப் பறித்த ஒரு மணி நேரத்துக்குள் குளிரூட்டல் தொடங்க வேண்டும். மற்றவற்றுக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை. ஆனாலும் பறித்த அன்றே என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதுவரை நிழலில், காற்றோட்டத்தில், பாயால் போர்த்தாமல்.

குளிரூட்டல் சரியாக நடந்தும் சீராக இளகுகிறதென்றால் பறித்த பருவத்தைச் சந்தேகியுங்கள். கனிதல் தொடங்கிய பழத்தை நீண்ட சேமிப்புக்கு எடுக்கக் கூடாது. ஆப்பிளை வெட்டி அயோடின் கரைசல் பூசினால் மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். பெரும்பகுதி வெள்ளையாகவே இருந்தால் அது உடனே விற்க வேண்டிய சரக்கு.

அறிகுறி 2: வெப்பநிலை, பருவம் எல்லாம் சரி, ஆனாலும் கனிந்துகொண்டே போகிறது

காரணம் எத்திலீன், பழம் தானே வெளிவிடும், பழுக்கத் தூண்டும் வாயு. மா, வாழை, பப்பாளி, ஆப்பிள், பேரி, கிவி, தக்காளி, சப்போட்டா எல்லாம் பறித்த பிறகும் பழுப்பவை. ஒரு பழம் விடும் எத்திலீன் அடுத்ததைத் தூண்டும், அது மேலும் விடும். திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி, மாதுளை, ஸ்ட்ராபெரி ஆகியவை இப்படிச் சங்கிலியாகப் பழுப்பதில்லை. அவை இளகினால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு அறிகுறி 4-க்குப் போங்கள்.

எங்கிருந்து வருகிறது என்று தேடும் வரிசை இது. அதே அறையில் ஆப்பிள் அல்லது பழுத்த பழம் இருக்கிறதா? மூலையில் மறந்துபோன அழுகல் பெட்டி இருக்கிறதா? டீசல் அல்லது எரிவாயு ஃபோர்க்லிஃப்ட் உள்ளே வந்துபோகிறதா? அறைக்காற்றை மாற்றும் துவாரம் லாரி நிற்கும் இடத்தைப் பார்த்து இருக்கிறதா? எரிந்த புகையிலும் எத்திலீன் உண்டு. பழுக்கவைக்கும் அறையும் சேமிப்பு அறையும் ஒரே நடைபாதையில் திறந்தால் அதுவே போதும்.

கிவியை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். 0 டிகிரியில் இருந்தாலும் காற்றில் 0.03 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.03 பங்கு) எத்திலீன் இருந்தால் அது இளகத் தொடங்கிவிடும். கிவியோடு ஆப்பிள் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

மூலத்தை நீக்கிய பிறகுதான் மற்றவை. வெளிக்காற்று குளிர்ந்திருக்கும் அதிகாலையில் அறைக்காற்றை மாற்றுங்கள். பெட்டிகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஏற்றிய குருணைப் பொட்டலங்களை வைக்கலாம். ஊதா நிறம் பழுப்பானால் அது தீர்ந்துபோனது, மாற்ற வேண்டும். பொட்டலம் கிழிந்து குருணை பழத்தில் படக் கூடாது. திறந்த பெரிய அறையில் நாலு பொட்டலம் தொங்கவிடுவதால் பயனில்லை. மூடிய பைக்குள், பழத்துக்கு அருகில் இருந்தால்தான் அது வேலை செய்யும்.

இன்னும் வலுவானது 1-எம்சிபி (1-மெத்தில்சைக்ளோபுரோப்பீன்) வாயு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சிஸ்லரும் சில்வியா பிளாங்கன்ஷிப்பும் கண்டறிந்தது. எத்திலீன் போய் அமரும் ஏற்பிகளில் இது முன்கூட்டியே அமர்ந்துகொள்ளும். எத்திலீன் இருந்தும் பழத்துக்கு அது தெரியாது. பிறகு பழம் புதிய ஏற்பிகளை உருவாக்கும்போது கனிதல் மீண்டும் தொடங்கும். ஆப்பிளுக்கு 1 பிபிஎம் அல்லது அதற்கும் குறைவு, 12 முதல் 24 மணி நேரம், காற்றுப் புகாத அறையில்.

இதில் ஏமாற்றம் வருவது மூன்று வழியில். அறை கசிந்து வாயு வெளியேறிவிடுகிறது. அல்லது பழத்தில் கனிதல் எழுந்த பிறகு கொடுக்கிறார்கள், அப்போது பலன் குறைவு. அல்லது பழத்துக்குப் பொருந்தாத அளவு கொடுக்கிறார்கள். பேரியில் அளவு மிஞ்சினால் பழம் கெட்டியாகவே நின்று பழுக்க மறுக்கும். வாழையில் நிறம் திட்டுத்திட்டாக ஏறும். உங்கள் நாட்டில் அந்தப் பயிருக்கு அனுமதி உண்டா என்று பார்த்து, லேபிளில் உள்ள அளவை மட்டும் பயன்படுத்துங்கள். முதல்முறை முழுச் சரக்கிலும் செய்யாமல் ஒரு சிறு அடுக்கில் செய்து, வெளியே எடுத்துப் பழுக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போவது நல்லது.

அறிகுறி 3: ஒரே பெட்டியில் சில கல்லாக, சில குழைவாக

பறித்த பருவம் கலந்துவிட்டது. மாங்காயில் காம்பருகே தோள் எழும்பியிருப்பது முதிர்ச்சிக்கு அடையாளம். தண்ணீரில் போட்டால் முதிர்ந்தது அமிழும், பிஞ்சு மிதக்கும். மிதப்பதையும் அமிழ்வதையும் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். கலந்து வைத்தால் முன்னால் பழுப்பது பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஒரே பெட்டிக்குள் சீராக இருந்து, பெட்டிக்குப் பெட்டி வேறுபட்டால் அது இடக்கோளாறு. கதவருகே, நடு அடுக்கில், குளிர்காற்று வரும் வாயருகே, மேல் மூலையில் என்று ஐந்தாறு இடங்களில் சதை வெப்பநிலை எடுத்து ஒரு தாளில் அறையை வரைந்து குறியுங்கள். 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அடுக்குக்கும் சுவருக்கும் இடையில் 10 சென்டிமீட்டராவது இடம் விட்டு, தரையிலிருந்து பலகைமேல் உயர்த்தி, காற்று திரும்பிவரும் பாதையைத் திறந்துவிடுங்கள்.

அறிகுறி 4: தோல் சுருங்கி, கையில் தொய்வாக இருக்கிறது

அடையாளமிட்ட இருபது பழத்தை முதல்நாள் எடைபோட்டு, பிறகு வாரம் ஒருமுறை எடைபோடுங்கள். பல பழங்களில் 5 விழுக்காடு எடை போனாலே சுருக்கம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். செல்லுக்குள் நீர் அழுத்தம் குறைவதால் வரும் தொய்வு இது. பெக்டின் இன்னும் முழுசாகத்தான் இருக்கும். எனவே எத்திலீன் பொட்டலமோ 1-எம்சிபியோ இங்கே எதுவும் செய்யாது.

பெரும்பாலான பழங்களுக்கு 90 முதல் 95 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். 90-இலிருந்து 80-க்கு இறங்குவது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பழமும் காற்றும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது காற்று இழுக்கும் ஈரம் அதில் இருமடங்காகிவிடுகிறது.

அறை ஏன் வறள்கிறது? குளிரூட்டிச் சுருள் அறைக்காற்றைவிட மிகக் குளிராக இருந்தால் ஈரம் முழுவதும் அதன்மேல் பனியாகப் படிந்து, உருகி வெளியே ஓடிவிடும். சுருளுக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 3 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குச் சுருளின் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். சின்னச் சுருளை வைத்துக்கொண்டு பெரிய அறையைக் குளிர்விக்க முயல்வதுதான் இந்தக் கோளாறின் வேர். உருகும் நீர்க் குழாயில் தினமும் எவ்வளவு நீர் வருகிறது என்று ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். அந்த நீர் உங்கள் பழத்திலிருந்து போனது.

சுருளை மாற்ற முடியாதபோது தரையை நனைத்து வைப்பது, நுண்திவலை ஈரமூட்டி வைப்பது, பெட்டிக்குள் துளையிட்ட பாலித்தீன் தாள் விரிப்பது எல்லாம் உதவும். பழத்தை நேரடியாக நனைக்க வேண்டாம். மேற்பரப்பில் நிற்கும் நீர் பூசணத்துக்கு அழைப்பு. அறை வெப்பநிலை ஏறி இறங்கினால் ஒவ்வொரு முறையும் பழத்தின்மேல் வியர்த்துவிடும். ஈரப்பதத்தைக் கூட்டும் அதே நாளில் கதவு திறக்கும் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டியது அதனால்தான்.

அறிகுறி 5: நீர் கோத்த திட்டுகள், குழிகள், வெளியே எடுத்ததும் குழைகிறது

குளிர்க்காயமா (உறையாமலே அளவுக்கு மீறிய குளிரால் வரும் கேடு), உறைவா என்று பிரியுங்கள். உறைவு குளிர்காற்று வாயருகே உள்ள பெட்டிகளில் மட்டும் வரும், உருகிய உடனே சதை நீராகத் தெரியும். குளிர்க்காயம் அறை முழுவதும் வரும். அறையில் இருக்கும்வரை பழம் நன்றாகவே இருக்கும். சாதாரணச் சூட்டுக்கு வந்து ஓரிரு நாளில்தான் வெளிப்படும். இதனாலேயே குற்றம் பெரும்பாலும் வாங்கிச் சென்றவர் தலையில் விழுகிறது.

வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்து மங்கும், தோலுக்கு அடியில் பழுப்புக் கோடுகள் ஓடும். மாவில் குழிகள் விழும், பழுப்பது ஒழுங்கற்றுப் போகும். பச்சைத் தக்காளி சிவக்காமலே குழையும்.

தாங்கும் அளவுகள்:

- வாழை: 13 முதல் 14 டிகிரி
- மா: முதிர்ந்த காய் 13, பழுக்கத் தொடங்கியது 10
- பப்பாளி: முதிர்ந்த காய் 13, பாதி பழுத்தது 10, பழுத்தது 7
- கொய்யா: காய் 8 முதல் 10, பழுத்தது 5 முதல் 8
- தக்காளி: பச்சை 12.5 முதல் 15, சிவந்து கெட்டியாக இருப்பது 7 முதல் 10
- மாதுளை: 5 முதல் 7
- ஆப்பிள்: பெரும்பாலான ரகங்கள் 0-ஐ ஒட்டி, குளிர் தாங்காத ரகங்கள் 2 முதல் 4
- பேரி, திராட்சை, பீச்: 0-க்கும் அதற்கு ஒரு டிகிரி கீழுக்கும் இடையில்
- கிவி, ஸ்ட்ராபெரி: 0

பழுத்த பழம் காயைவிடக் குளிரைத் தாங்கும் என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும் இதுவே விதி. மாங்காயை வெளியில் பழுக்கவைத்து, பழுத்த பிறகு உள்ளே வைக்க வேண்டும்.

உறைந்த பழத்தை உறைந்த நிலையில் தொடவோ நகர்த்தவோ கூடாது. 4 டிகிரியை ஒட்டி மெல்ல உருகவிட்டால் சேதம் குறையும்.

அறிகுறி 6: வெளியே சரி, கடித்தால் மாவு, அல்லது சாறில்லாத பஞ்சு

ஆப்பிள் மாவாவதில் செல்கள் உடைவதில்லை. ஒட்டு போய், ஒன்றையொன்று விட்டு முழுசாகப் பிரிகின்றன. சாறு செல்லுக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பதால் வாய்க்கு வறட்சி. தாமதமாகப் பறித்தது, பெரிய அளவுப் பழம், கால்சியம் குறைந்தது, நீண்ட சேமிப்பு ஆகியவை இதைக் கொண்டுவரும். வந்த பிறகு பரிகாரம் இல்லை. கூழுக்கு அனுப்புங்கள். அடுத்த பருவத்தில் பெரிய பழங்களைத் தனியாகப் பிரித்து முதலில் விற்றுவிடுங்கள்.

பீச் பழத்தின் பஞ்சுத்தன்மை வேறு கதை. 2 முதல் 8 டிகிரி வரை உள்ள இடைவெளிதான் அதற்கு எமன். அந்தக் குளிரில் பெக்டின் மெத்தில்எஸ்டரேஸ் தொடர்ந்து வேலை செய்ய, பாலிகேலக்டுரோனேஸ் பின்தங்கிவிடுகிறது. பாதி சிதைந்த பெக்டின் கூழாகி சாற்றைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வெட்டிய துண்டைப் பிழிந்தால் சாறு வராது. 0-வில் வைத்தால் 5-இல் வைப்பதைவிட நன்றாக இருக்கும். குளிரில் வைப்பதற்குமுன் 20 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் நிறுத்திவைப்பதும் உதவும். அந்த நேரத்தில் உறுதி ஓரளவு குறையும், அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

அறிகுறி 7: சதை பொதுவாகவே பலவீனம், சற்று அழுத்தினால் தோல் விட்டுக்கொடுக்கிறது

பெக்டின் இழைகளைக் குறுக்கே பிணைப்பது கால்சியம். காய் வளரும்போது கிடைக்காத கால்சியத்தைப் பறித்தபின் முழுதாக ஈடுகட்ட முடியாது. காய்ப் பருவத்தில் கால்சியம் தெளிப்பதே முதல் வழி. பறித்தபின் முக்கியெடுப்பது இரண்டாவது.

முக்கும் கரைசல்: உணவுத்தர கால்சியம் குளோரைடு 2 விழுக்காடு. நீரற்ற வகை என்றால் லிட்டருக்கு 20 கிராம். கடையில் பெரும்பாலும் கிடைப்பது இருநீர் வகை. அதில் முக்கால் பங்குதான் கால்சியம் குளோரைடு, எனவே லிட்டருக்கு 26.5 கிராம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டு, பலன் இல்லை என்று கைவிட்டவர்கள் உண்டு. நீரற்றது கரையும்போது சூடாகும். நீரில் கால்சியம் குளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்கி, ஆறியபின் பழத்தை இறக்குங்கள். 5 முதல் 10 நிமிடம் போதும். 4 விழுக்காட்டுக்கு மேல் போனால் பல பழங்களில் தோல் கருகும், கசப்பும் தெரியும். புதிய ரகத்துக்கு 1 விழுக்காட்டில் தொடங்குங்கள்.

கரைசலின் வெப்பநிலை முக்கியம். சூடான பழத்தைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காம்புக்குழி வழியே நீரை இழுக்கும். நீரில் உள்ள பூசண வித்துகளும் அதோடு உள்ளே போகும். நீர் பழத்தைவிட 5 டிகிரி சூடாக இருந்தால் இந்த ஆபத்து இல்லை. எடுத்த பழத்தை விசிறியடியில் முழுக்கக் காயவைத்த பிறகே பெட்டியில் அடுக்க வேண்டும். இரும்புத் தொட்டி வேண்டாம், இந்தக் கரைசல் அரித்துவிடும்.

அறிகுறி 8: பையில் கட்டிய அல்லது மெழுகு பூசிய பிறகு புளித்த வாடையோடு இளகல்

மூச்சு முட்டிவிட்டது. ஆக்சிஜன் குறைந்தால் கனிதல் தாமதமாகும் என்பது உண்மை. வாழைக்கு 2 முதல் 5 விழுக்காடு ஆக்சிஜனும் 2 முதல் 5 விழுக்காடு கரியமில வாயுவும் பொருந்தும், மாவுக்கு 3 முதல் 5 விழுக்காடு ஆக்சிஜன். அதற்கும் கீழே போனால் பழம் நொதித்துச் சாராய வாடை வரும். பை தடிமனாக இருப்பது, பை கட்டிய பிறகு சூட்டில் நிற்பது, மெழுகு இரண்டு முறை பூசியது ஆகியவை வழக்கமான காரணங்கள். குளிர்ந்த பழத்தை மட்டும் பையில் கட்டுங்கள். வெளியே எடுத்ததும் முதல் வேலை பையைத் திறப்பது. வாடை லேசாக இருந்தால் காற்றில் விட்ட சில மணி நேரத்தில் குறையலாம், பலமாக இருந்தால் போகாது.

ஆக்சிஜனைக் குறைத்து இயக்கும் அறைக்குள் யாரும் நுழையக் கூடாது. மூச்சுத் திணறலே தெரியாமல் ஆள் விழுந்துவிடுவார். முழுவதும் காற்றாடவிட்டு, கருவியால் அளந்து, வெளியே இன்னொருவர் நிற்கும்போதுதான் உள்ளே போக வேண்டும்.

அறிகுறி 9: ஒரு பக்கம் மட்டும் குழைந்திருக்கிறது

அடி. பெட்டியின் அடியில் உள்ள பழத்தில் இருந்தால் அடுக்கின் பாரம், பக்கவாட்டில் இருந்தால் வண்டியில் உரசியது, எங்கெங்கோ இருந்தால் பறிக்கும்போது விழுந்தது. கன்றிய பழம் எத்திலீனையும் கூடுதலாக விடும் என்பதால் நட்டம் அந்தப் பழத்தோடு நிற்காது. பெட்டியை விளிம்புக்குக் கீழேயே நிரப்புங்கள். மேல்பெட்டியின் பாரம் பெட்டிச் சுவரில் இறங்க வேண்டும், பழத்தில் இறங்கக் கூடாது.

அறிகுறி 10: இளகல் நின்றது, ஆனால் பழுக்கவே மறுக்கிறது

இதுவும் கோளாறுதான். பிஞ்சாகப் பறித்தது, குளிர்க்காயம், 1-எம்சிபி அளவு மிஞ்சியது என்று மூன்று காரணங்கள் உண்டு. ஒரு பெட்டியை 20 டிகிரியில், 90 விழுக்காடு ஈரப்பதத்தில், 100 பிபிஎம் எத்திலீனில் 24 மணி நேரம் வைத்துப் பாருங்கள். கரியமில வாயு 1 விழுக்காட்டைத் தாண்டாமல் இடையிடையே காற்றை மாற்றுங்கள், இல்லையென்றால் எத்திலீன் வேலை செய்யாது. நான்கைந்து நாளில் நிறமும் மணமும் சேர்ந்து ஏறினால் மீதிச் சரக்கையும் அப்படியே எடுக்கலாம். நிறம் ஏறி மணம் வராவிட்டால் பிஞ்சாகப் பறித்தது. குழிகளும் கருமையும் வந்தால் குளிர்க்காயம். எதுவுமே நடக்கவில்லை என்றால் 1-எம்சிபி பிடி இன்னும் விடவில்லை. 20 டிகிரியிலேயே இன்னும் சில நாள் வைத்து, தினமும் இரண்டு பழத்தின் உறுதியை அளந்துகொண்டே வாருங்கள்.